நிற்கிற வரைக்கும் எங்கள் கல்

மலையிலிருந்து கல் விழுவதைப் பற்றி எங்கள் ஸ்கோர்விக் ஊரில் யாருக்கும் பெரிய குழப்பம் இருந்ததில்லை. மேலே இருப்பது ஒரு நாள் கீழே வரும், வரும்போது வழியில் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதை இவ்வளவு சுலபமாக விட்டுவிட மனம் வராமல்தான் அரசாங்கம் எங்களுக்கு ஒரு மலைச்சரிவு ஆணையத்தைக் கொடுத்தது.

ஆணையம் படகுத்துறையில், பழைய மீன் உப்புக் கிடங்கைப் பிடித்துச் சிவப்பு வண்ணம் அடித்துக் குடியேறியது. மாடியில் நிலை ஆற்றல் துறை, கீழே இயக்க ஆற்றல் துறை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த சமாசாரம்தான். உயரத்தில் சும்மா இருக்கும் பொருளுக்குள் விழுவதற்கான சக்தி சேமிப்பில் கிடக்கும், அது நிலை ஆற்றல். விழத் தொடங்கியதும் அதே சக்தி வேகமாக மாறும், அது இயக்க ஆற்றல். எங்கள் வாத்தியார் இதை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு மீன் பிடிக்கப் போனார். ஆணையம் இதற்கு இரண்டு மாடி, இரண்டு தலைவர்கள், இரண்டு காபி இயந்திரங்கள் வைத்துக்கொண்டது. விழாத கல் மாடிக்காரர்களுக்கு. விழுகிற கல் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு. விழப்போகிற கல் யாருக்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

என் பெயர் ஐலிவ். மலையைக் குடைந்து சாலை போடும் இடங்களில் பாறைக்கு வெடிவைப்பது என் வேலை. என் மனைவி ஹெர்டிஸ் ஊர்க் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளர். காப்பகம் படகுத்துறைக்கு மேலே, மலையடிவாரத்தில் இருக்கிறது. மதியம் ஆனால் கைக்குழந்தைகளை வண்டியில் போட்டுப் போர்த்தி முற்றத்தில் வரிசையாக விட்டுவிடுவார்கள். பனி பெய்தாலும் எங்கள் குழந்தைகள் வெளியில்தான் தூங்கும், உள்ளே தூங்கினால் எங்களுக்குத் தூங்கிய கணக்கே இல்லை.

அந்த முற்றத்துக்கு நேர் மேலே ஒரு கல் இருந்தது. மீன் லாரி ஒன்றின் அளவு. எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தது, அதனால் யாரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்த வருஷம் பனி உருகும் சமயத்தில், தொலைந்துபோன ஒரு குல்லாயைத் தேடி மேலே ஏறிய ஹெர்டிஸ், கல்லுக்கும் மலைக்கும் நடுவே புதிதாக ஒரு பிளவு விட்டிருப்பதைப் பார்த்தாள். உள்ளங்கையை விட்டுப் பார்த்தாள், நுழைந்தது. அடுத்த வாரம் போனபோது மணிக்கட்டு வரை நுழைந்தது.

அன்றே ஆணையத்துக்குப் போனோம். மாடியில் நிலைத்துறைத் தலைவர் ஹால்வோர். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் அதன் அழகைக் கேட்பதற்காகச் சற்று நிறுத்துவார்.

"கல் இப்ப நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குது. ஆனா ரெண்டு விரல் நகர்ந்திருக்கு," என்றாள் ஹெர்டிஸ்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நகர்ந்ததா? அப்ப இது எங்க கல்லு இல்லையேம்மா. கீழ போய் டாக்னியப் பாருங்க."

கீழே போனோம். இயக்கத்துறைத் தலைவி டாக்னி சுறுசுறுப்பான பெண்மணி, ஓட்டப் பந்தயக் காலணியோடுதான் அலுவலகத்தில் இருப்பார்.

"இப்ப நகருதா?" என்றார்.

"இந்த நிமிஷம் நகரல. போன வாரம் நகர்ந்துச்சு."

"போன வாரமா? அது முடிஞ்சுபோன இயக்கம். இப்ப நிக்குதுன்னா மாடிக்குத்தான் போகணும்."

மறுபடி மாடி. அன்றைக்கு எத்தனை முறை ஏறி இறங்கினோம் என்று ஞாபகமில்லை. கடைசித் தடவை ஹெர்டிஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்குக் கீழ குழந்தைங்க தூங்குது," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் சத்தம் போடமாட்டார்கள், வீடு தீப்பிடித்தாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்றுதான் சொல்வோம்.

ஹால்வோர் அவள் பக்கத்தில் வந்து கனிவோடு குனிந்தார். "பயப்படாதீங்க. நான் இங்க வந்ததுலேருந்து எங்க துறை பொறுப்புல இருக்கிற ஒரு கல்லு கூட விழுந்தது கிடையாது."

"ஒண்ணு கூடவா?" என்றேன் நான். போன இலையுதிர் காலத்தில் சாலையை மூடிய பாறை என் கண் முன்னே வந்து நின்றது.

"ஒண்ணு கூட இல்ல. விழ ஆரம்பிச்ச நொடியே அது டாக்னியோட கல்லு ஆயிடுதே. நிக்கிற வரைக்கும்தான் எங்க கல்லு. அதுவரைக்கும் பரிபூரண பத்திரம்."

கீழேயிருந்து டாக்னி விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க துறையையும் சொல்லுங்க ஹால்வோர். நாட்டுலயே வேகமான அரசாங்க ஆபீஸ் இது. ஒரு கோப்பு திறந்து மூட எங்களுக்கு எட்டு விநாடிதான் ஆகுது."

"அந்த எட்டு விநாடில என்ன பண்ணுவீங்க?" என்றாள் ஹெர்டிஸ்.

"திறப்போம். மூடுவோம்," என்றார் டாக்னி, இதைக்கூடக் கேட்பார்களா என்கிற மாதிரி.

விழாத நேரத்தில் அந்தத் துறை என்ன செய்கிறது என்று நான் கேட்டிருக்கக் கூடாது. தயார் நிலையில் இருக்கிறார்களாம். சன்னல் வழியாகப் பார்த்தேன். பின்கட்டில் இரண்டு பேர் ஒரு கோப்பைத் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருந்தார்கள், மூன்றாமவர் கடிகாரம் பிடித்திருந்தார்.

ஹெர்டிஸ் அலுவலகத்தில் காத்துக் கிடக்காமல் தானே ஒரு காரியம் செய்து பார்த்தாள். குழந்தை வண்டிகளையெல்லாம் தள்ளிக்கொண்டுபோய் ஜெபக்கூடத்தின் வாசலில் தூங்கவைத்தாள். மூன்றாம் நாளே நகராட்சியிலிருந்து ஒருத்தர் வந்துவிட்டார். குழந்தைகள் தூங்குவதற்கு அங்கீகாரம் பெற்ற இடம் காப்பக முற்றம்தான், ஜெபக்கூட வாசலுக்கு அங்கீகாரம் இல்லை என்றார்.

"முற்றத்துக்கு மேல கல்லு தொங்குது," என்றாள் இவள்.

"அது ஆபத்துன்னு ஆணையம் சொல்லட்டும், இப்பவே மாத்திடலாம். ஆணையம் சொல்லாம நானா எப்படிச் சொல்றது?" நல்ல மனிதர்தான். இரண்டு வண்டிகளை அவரே தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

காப்பகத்தை மூடவும் அவளால் முடியாது. பெற்றோர் பாதிப் பேர் மீன் தொழிற்சாலையில், மீதிப் பேர் படகில். அவர்களும் சாயங்காலம் குழந்தையை எடுக்க வரும்போது முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூச்சை உள்ளுக்கு இழுத்து, "ஆமா..." என்பார்கள். பிறகு மறுநாளும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். வேறு எங்கே விடுவது?

அதன்பின் ஒவ்வொரு மதியமும் ஹெர்டிஸ் முற்றத்தின் மேல் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வண்டிகளுக்கு முதுகையும் கல்லுக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்திருந்தாள். அது வந்தால் இவளால் என்ன செய்ய முடியும்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீ அங்க உக்காந்து என்ன ஆகப்போகுது?"

"கத்துவேன்," என்றாள். "கத்துனா ஒரு வண்டியாவது தள்ள முடியும்ல."

ஒரு வண்டி. அவளிடம் இருந்தது பதினொரு குழந்தைகள்.

அவள் விடாமல் படியேறியதில் கடைசியில் ஆணையம் அசைந்து கொடுத்தது. அதாவது, கூட்டுக் கள ஆய்வுக்கு வந்தது. எங்கள் நாட்டில் எதையும் தீர்மானிக்காமல் இருப்பதற்குக் கள ஆய்வை விட மேலான வழி கிடையாது. மழைச்சட்டை, மலையேறும் பூட்ஸ், முதுகுப்பையில் பொட்டலம் கட்டிய ரொட்டி, ஃபிளாஸ்க்கில் காபி என்று இரண்டு துறைகளும் ஆரஞ்சு நிறத்தில் மலையேறின. ஹெர்டிஸும் நானும் பின்னாலேயே போனோம்.

அவள் நேராகப் பிளவுக்குப் போய்க் கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று.

"பாருங்க," என்றாள்.

ஹால்வோர் பார்த்தார். "அருமை," என்றார். "எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தீங்களா? இவ்வளவு சேமிப்பு உள்ள கல்லை இந்த மாவட்டத்துலயே நான் பாத்ததில்ல." இதைச் சொல்லிவிட்டு அவர் அந்தக் கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்தார். மணி பதினொன்றரை, சாப்பாட்டு நேரம். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். அங்கிருந்து கடல் நன்றாகத் தெரியும்.

"தயவுபண்ணி எறங்குங்க," என்றாள் ஹெர்டிஸ்.

"நாங்க நிலைத்துறைம்மா, எங்களுக்குப் பழக்கம்தான்." ஹால்வோர் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு காலை ஆட்டினார்.

ரொட்டித்தூளோடு சின்னச் சரளை ஒன்று பிளவுக்குள் விழுந்தது. கல்லுக்கு அடியில் அது தட்டித் தட்டி இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் இருபத்தைந்து வருஷமாகப் பாறையின் சத்தத்தைக் கேட்டே பிழைக்கிறவன். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கீழே அடிப்பிடி இல்லை. பழக்க தோஷத்தில் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"இயக்கம்," என்று ஹால்வோர் தலையசைத்தார். "டாக்னி, அது உங்களோடது."

டாக்னி மறுத்தார். சரளை மட்டும்தான் தன்னுடையது, கல் இல்லை என்றார். இதில் பேச்சு வளர்ந்து, எந்த இடத்தில் கல் ஒரு துறையிலிருந்து மறு துறைக்குக் கைமாறும் என்று திட்டவட்டமாக வரையறுக்க வேண்டிய அவசியம் இரு தரப்புக்கும் புரிந்தது. மஞ்சள் பெயிண்ட் கொண்டுவரச் சொன்னார்கள். கல்லுக்கு ஒரு முழம் கீழே மலையின் குறுக்கே கோடு போட்டார்கள். கல்லில் பாதிக்கு மேல் கோட்டைத் தாண்டினால் அது இயக்கத்துறைக்கு. சரி பாதி தாண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு துணைக்குழு.

"கோட்டுக்குக் கீழ இருக்கிற எங்க முற்றம்?" என்றாள் ஹெர்டிஸ்.

இரண்டு தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது இறங்கிடம்," என்றார் டாக்னி. "இறங்கிடம் ரெண்டு துறைக்கும் வராது."

திரும்பி இறங்கும்போது ஹால்வோர் அவளிடம் உற்சாகமாகச் சொன்னார்: "பதினேழாம் தேதி நான்தான் உரை. பிள்ளைங்க ஊர்வலம் உங்க முற்றத்துலேருந்துதானே கிளம்பும்? அங்கயே, இந்தக் கல்லுக்குக் கீழயே நின்னு பேசப்போறேன். மக்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும் இல்லையா?"

மே பதினேழு எங்கள் தேசியத் திருநாள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் கொடியோடு காலை எட்டு மணிக்கு அந்த முற்றத்தில்தான் வரிசை கட்டும்.

அந்த வாரம் ஹெர்டிஸ் மேலே போய்விட்டு வந்தாள். தோள் வரை போகிறது என்றாள். காலைச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும், கட்டிலை நகர்த்த வேண்டும் என்றால் இப்படித்தான் பார்ப்பாள்.

"ஐலிவ், உன் வேலை என்ன?"

"பாறைக்கு வெடிவைக்கறது. கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேனே."

"நிக்கிறத ஓட வைக்கறது. அதானே?"

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"அது எப்படியும் ஓடத்தான் போகுது," என்றாள். "எப்ப ஓடணும்ங்கறத கல்லு முடிவு பண்ணக் கூடாது. பதினேழாம் தேதி காலைல நீதானே வழக்கம்போல மரியாதை வெடி வெக்கப்போற? ஏழு மணிக்கு. அப்ப முற்றத்துல ஒரு ஈ காக்கா இருக்காது."

ஆமாம், திருநாள் அன்று விடியலில் டைனமைட் வெடித்துத்தான் ஊரை எழுப்புவோம். வேறு நாட்டுக்காரர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம். அந்த வெடி வருஷா வருஷம் என் பொறுப்பு.

"என் லைசென்ஸ் போயிடும், ஹெர்டிஸ். ஜெயிலுக்கும் போகலாம்."

"போகலாம்," என்றாள். "நான் வந்து பாக்கறேன். வாஃபிள் சுட்டு எடுத்துட்டு வரேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவளிடம் இல்லை. இரண்டு மாடிகளிலும் அத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு கல்லைத் தள்ளுவதற்கு என் பிழைப்பை வைக்க வேண்டியிருக்கிறதே என்றுதான்.

ஊர்த் திருநாள் குழுவில் விஷயத்தைச் சொன்னேன். அதாவது, சொல்லவில்லை. இந்த வருஷம் வெடியைக் கொஞ்சம் மேலே தள்ளி வைக்கலாம் என்று இருக்கிறேன், எதிரொலி நன்றாகக் கேட்கும் என்றேன். தலைவர் ஸ்வெர்ரே வாஃபிளுக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவருடைய பேத்தி அந்த வண்டிகளில் ஒன்றில் தூங்குகிறவள்.

"எவ்வளவு மேல?"

"அந்தக் கல்லு கிட்ட."

எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்து, "ஆமா..." என்றார்கள். "எதிரொலி போன வருஷம் கொஞ்சம் கம்மிதான்," என்றார் ஸ்வெர்ரே. அதோடு தீர்மானம் முடிந்தது. பதினாறாம் தேதி சாயங்காலம் யாரோ முற்றத்திலிருந்த வண்டிகள், பொம்மைகள், சின்ன நாற்காலிகள் எல்லாவற்றையும் எடுத்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை.

விடிந்தது. தெளிவான வானம், ஆப்பிள் மரங்கள் பூக்கிற சமயம். நான் மேலே மூன்று வெடி வைத்தேன். இரண்டு சத்தத்துக்கு, ஒன்று கல்லுக்குப் பின்னால் பிளவுக்குள். ஹெர்டிஸ் தேவாலயச் சாலையில் நின்று யாரையும் முற்றத்துப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஏழடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு, பக்கத்து மேட்டுக்கு ஓடிப் பாறை மறைவில் உட்கார்ந்தேன். திரி வைத்தபின் திரும்பப் போகக் கூடாது. என் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான், இதை மறந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்குக் கல்லறைதான் இருக்கிறது.

அங்கிருந்து கீழே பார்த்தேன். முற்றத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

திருநாள் உடுப்பில் வெள்ளிப் பொத்தான்கள் வெயிலில் மின்னின. ஹால்வோரும் டாக்னியும். படகுத்துறைப் படிகள் வழியாக வந்திருக்கிறார்கள். உரையை ஒத்திகை பார்க்க, தாள்களை வைத்துப் படிக்கும் ஒரு மேடைப் பலகையும் கொண்டுவந்திருந்தார்கள். கத்தினேன். காற்று கடலிலிருந்து மலைப் பக்கம் வீசியதில் என் குரல் கீழே போகவில்லை. திரியின் புகை பிளவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஹெர்டிஸ் சாலையிலிருந்து ஓடிவருவதைப் பார்த்தேன். பாவி, வராதே என்று மனசுக்குள் கதறினேன். அவள் முற்றத்துக்குள் நுழைந்துவிட்டாள். கைகளை வீசிப் பேசுகிறாள். அவர்கள் அசையவில்லை. என்ன பேசினார்கள் என்பது பிறகு அவள் சொல்லித்தான் தெரியும்.

"இங்கேருந்து கிளம்புங்க, கல்லு விழப்போகுது," என்றிருக்கிறாள்.

"நிக்குதேம்மா," என்றார் ஹால்வோர்.

"இப்ப விழும்."

"விழுந்ததும் நான் பாத்துக்கறேன்," என்றார் டாக்னி.

ஹெர்டிஸுக்கு வேறு வழி தெரியவில்லை. என் லைசென்ஸையும் ஜெயிலையும் நினைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். "மேல வெடி வெச்சிருக்கு. திரி எரியுது."

ஹால்வோர் யோசித்தார். "வெடின்னா அது ரசாயன ஆற்றல். ரசாயனம் எங்க ஆணையத்துலயே கிடையாது," என்றார். டாக்னியும் அதை ஆமோதித்தார். இரு துறைகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

நான் மேலேயிருந்து பார்த்ததெல்லாம் இதுதான்: என் மனைவி சட்டென்று கையை நீட்டி மேடைப் பலகையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள். வெள்ளைத் தாள்கள். உயிருக்காக ஒரு அடி நகராத ஹால்வோர், தன் உரைக்காக ஓடினார். டாக்னி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். முதல் வெடி வெடித்தது. ஓடுகிறார்கள். இரண்டாவது. வாசல் தாண்டிவிட்டார்கள். மூன்றாவது வெடித்ததும் அதன் அதிர்வு என் நெஞ்சில் வந்து மோதியது.

கல் நின்றது.

புகை கலைந்தது, அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. கீழே ஹால்வோர் தாள்களைப் பிடுங்கி வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். கல்லைக் காட்டினார். பிறகு முற்றத்துக்குள் திரும்பி நடக்கத் தொடங்கினார். நான் எழுந்து நின்று, போகாதே மனுஷா என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஹெர்டிஸ் பாய்ந்து அவருடைய மேல்சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, நிக்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தாராம் ஹால்வோர்.

கல் மெதுவாகத் தலை குனிந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டியது. அப்புறம் மெதுவாக எதுவும் நடக்கவில்லை. பிர்ச் மரங்கள் முறிந்தன, மலை அதிர்ந்தது, மணல் தொட்டி, சறுக்குமரம், வண்டிகள் நிற்கும் கொட்டகை, மேடைப் பலகை எல்லாவற்றின் மேலும் அது போயிற்று. முற்றத்தின் கீழ் மதிலில் இடித்து மதிலைப் பாதி தள்ளிக்கொண்டு நின்றது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலில் மூன்று பேரும் வெள்ளைத் தூசியாக நின்றிருந்தார்கள். ஹெர்டிஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அவளோ கொட்டகை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மதியம் வரை வண்டிகள் நின்ற இடம். உதட்டை மட்டும் அசைத்துப் பதினொன்று வரை எண்ணினாள்.

டாக்னி கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு விநாடி," என்றார், குரல் நடுங்கினாலும் பெருமை குறையவில்லை. "கோப்பு மூடியாச்சு."

ஹால்வோர் தாள்களைத் தட்டி அடுக்கினார். "எங்க துறைப் பொறுப்புல இருந்தப்ப ஒரு கல்லு கூட விழல," என்று முதல் வரியைப் படித்துப் பார்த்தார். மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்று கண்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெடியைப் பற்றி இருவருமே பேசவில்லை. அது ரசாயனம்.

"இப்ப நின்னுடுச்சு," என்றாள் ஹெர்டிஸ். "இப்ப யாரு கல்லு?"

"இறங்கிடத்துல இருக்கறது யாரோடதும் இல்ல," என்றார் ஹால்வோர் பொறுமையாக. "அதுக்கு மேல விழ உயரம் வேணுமே. தரைக்கு வந்துட்டா சேமிப்பு பூஜ்யம்."

"தரை எங்க இருக்கு?" என்றாள் அவள்.

அவர் பார்த்தார். கல் உடைந்த மதிலின் மேல் சாய்ந்து, முன்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மதிலுக்குக் கீழே புல்சரிவு. சரிவின் அடியில் படகுத்துறை. கல்லுக்கு நேர் கீழே ஆணையத்தின் சிவப்புக் கட்டடம், இரண்டு மாடிகளோடு. மதிலிலிருந்து ஒரு செங்கல் கழன்று உருண்டுபோய் அதன் கூரையில் மோதியது. சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. கள ஆய்வு இல்லை, கோடு இல்லை, துணைக்குழு இல்லை. திருநாள், விடுமுறை, கடையெல்லாம் மூடியிருந்தது, ஆனாலும் அரைமணி நேரத்தில் இரு துறைகளின் ஆட்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஊர்வலத்தை ஸ்வெர்ரே தேவாலயத்திலிருந்து கிளப்பினார். பிள்ளைகள் வாத்தியக் குழுவுக்குப் பின்னால் கொடி ஆட்டிக்கொண்டு கல்லின் பாதைக்கு எட்டாத படகுத்துறை முனைக்கு வந்தபோது, வெள்ளிப் பொத்தான் உடுப்பில் அதிகாரிகள் நாற்காலி, அலமாரி, காபி இயந்திரம் என்று தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஊர்வலத்தில் சேர்த்தி என்று நினைத்துப் பிள்ளைகள் அவர்களுக்கும் கையசைத்தன.

டாக்னி ஒரு மேசையைத் தனியாக இழுத்துக்கொண்டு வாசலில் மாட்டிக்கொண்டார். ஹெர்டிஸ் போய் எதிரே நின்றாள்.

"கல்லு நகருதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நிக்குதுல்ல?"

"நிக்குது." டாக்னி அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்துக் கிடந்தது, அதில் நடிப்பு எதுவும் இல்லை. "ஆனா விழுந்துட்டா? ஹெர்டிஸ், கீழ ஆளுங்க இருக்காங்களே."

நான் எதிர்பார்த்த எதையும் ஹெர்டிஸ் சொல்லவில்லை.

"ஆமா," என்றாள். "இருக்காங்க."

பிறகு குனிந்து மேசையின் மறுமுனையைத் தூக்கினாள். நானாக இருந்தால் தூக்கியிருக்க மாட்டேன்.